லீஸ் ஆப்ஷன் டீலைக் கடைசி நாளிலிருந்து கட்டுவது எப்படி: அமெரிக்காவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் 30 வருட மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) வட்டி, வீட்டுக் கடன் நிறுவனமான ஃப்ரெடி மேக் கணக்குப்படி, 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் வரை இறங்கியது. 2023 அக்டோபரில் அதுவே 7.79 சதவீதத்தைத் தொட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் சிக்கியவர்கள் பலர். மலிவான வட்டியில் வீடு வாங்கியிருப்பார்கள். இப்போது வேலை வேறு மாநிலத்துக்கு மாறிவிட்டது, அல்லது ஊருக்கே திரும்புகிறார்கள். வீட்டை உடனே விற்க மனமில்லை, வெறும் வாடகைக்கு விட்டால் யார் எப்படி வைத்திருப்பார்களோ என்ற கவலை. மறுபக்கம், அந்த வீட்டை வாங்க ஆசையும் வருமானமும் இருந்தும், இன்றைக்கு வங்கிக் கடன் கிடைக்காத குடும்பம் ஒன்று நிற்கிறது. இந்த இருவருக்கும் இடையில் நியாயமாகக் கட்டக்கூடிய ஏற்பாடுதான் லீஸ் ஆப்ஷன்.

ஏற்பாடு எளிதுதான். வாடகைக்குக் குடிவருபவருக்கு, குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட விலைக்கு அந்த வீட்டை வாங்கும் உரிமையும் சேர்த்துத் தரப்படுகிறது. அந்த உரிமைக்கு அவர் ஆரம்பத்திலேயே ஒரு கட்டணம் தருகிறார்; அதுதான் ஆப்ஷன் கட்டணம். வாங்குவது அவர் விருப்பம். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டாயம் இருந்தால் அது லீஸ் பர்ச்சேஸ் எனப்படும் வேறு ஒப்பந்தம். சென்னையில் பெரிய தொகை கொடுத்து வாடகையில்லாமல் லீஸுக்கு வீடு எடுத்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்குகிறார்களே, அதனோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே ஆப்ஷன் கட்டணம் பொதுவாகத் திரும்ப வராது.

திரும்ப வராது என்பதில்தான் இந்தத் தொழிலின் அசிங்கமான பக்கமும் இருக்கிறது. வாங்க முடியாது என்று தெரிந்தே ஒருவரைக் குடிவைத்து, கட்டணத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு வருடத்தில் வெளியே அனுப்பி, அடுத்தவரிடம் அதே கட்டணத்தை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். குடிவந்தவர் உண்மையிலேயே வாங்கி முடிக்கும் டீலில்தான் உரிமையாளருக்கும் நல்ல பணம், நிம்மதியான தூக்கம். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே முறையில் போகிறது: விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்தாகும் நாளை முதலில் மனதில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கட்டுவது.

முதல் படி: இவருக்குக் கடன் எப்போது கிடைக்கும்?

விலை பேசும் முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். உரிமம் பெற்ற லோன் ஆபீசர் ஒருவரிடம் குடிவருபவரை அனுப்பி, இன்று ஏன் கடன் கிடைக்கவில்லை, என்ன நடந்தால் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிவரச் சொல்லுங்கள். அந்தக் காகிதம்தான் டீலின் அஸ்திவாரம்.

காலம் தீர்க்கும் தடைகள் உண்டு, தீர்க்காதவையும் உண்டு. சொந்தத் தொழில் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது என்றால், பொதுவாக இரண்டு வருட வருமான வரலாறு கேட்பார்கள்; அதற்குக் காத்திருந்தால் போதும். சாப்டர் 7 திவால் (கடன்களைத் தள்ளுபடி செய்யும் திவால் வழக்கு) முடிந்தவர் என்றால், மத்திய அரசு காப்பீடு செய்யும் எஃப்.எச்.ஏ. கடனுக்கு இரண்டு வருடம், ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி தரப்படும் வழக்கமான வங்கிக் கடனுக்கு நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். தவணை கட்டாததால் வீடு ஃபோர்குளோசரில், அதாவது வங்கியின் பறிமுதலில், போனவர் என்றால் எஃப்.எச்.ஏ.வில் மூன்று வருடம், ஃபேனி மேயில் ஏழு வருடம். விசேஷ சூழ்நிலைகளில் இவை குறையலாம். கிரெடிட் ஸ்கோர் 540 இருப்பவர், கார்டு பாக்கியைக் குறைத்து, ஒழுங்காகக் கட்டி, 3.5 சதவீத முன்பணத்துக்கு (டவுன் பேமெண்ட்) எஃப்.எச்.ஏ. கேட்கும் 580ஐ எட்ட முடியும். இவை எல்லாம் நாள் போனால் சரியாகும் தடைகள். வருமானமே போதாது என்பது அப்படியல்ல. அந்த வீட்டின் மாதத் தவணையை அவர் சம்பளம் தாங்காது என்றால், எத்தனை வருடம் குடியிருந்தாலும் தாங்காது.

நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2025 மே 25 முதல், நிரந்தரமாகத் தங்கும் உரிமை (கிரீன் கார்டு) இல்லாதவர்களுக்கு, அதாவது எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு, எஃப்.எச்.ஏ. கடன் கிடையாது. ஃபேனி மே வழிக் கடன் அவர்களுக்கு இன்னும் திறந்திருக்கிறது, ஆனால் கிரெடிட் விதிகள் அங்கே கடுமை. ஆகவே எச்1பியில் இருக்கும் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், எஃப்.எச்.ஏ.வை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஆள் தேடும்போது இன்னொரு எச்சரிக்கை. "தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்", "இந்தியர்களுக்கு மட்டும்" என்று வாட்ஸாப் குழுவில் விளம்பரம் போடுவது 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டத்தை மீறுவதாகும். நாடு, மதம், இனம் பார்த்து வீட்டு விளம்பரம் செய்யக் கூடாது. வருமானம், கிரெடிட், பழைய வீட்டுக்காரர் சொல்வது ஆகிய அளவுகோல்களை எழுதி வைத்து எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் படி: உங்கள் வீடு இதற்குத் தயாரா?

பலர் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. முதலில் உங்கள் மார்ட்கேஜ் பத்திரத்தை எடுங்கள். சொந்தக் குடியிருப்புக்கு என்று வாங்கிய கடனில், குறைந்தது ஒரு வருடம் நீங்களே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். அந்த வருடம் முடியாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்து, வீடு கைமாறினால் முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லும் ஷரத்து. 1982இல் வந்த கார்ன்–செயின்ட் ஜெர்மைன் சட்டம் வங்கிகளுக்கு இந்த உரிமையை உறுதி செய்தது. அதே சட்டம் சில விலக்குகளையும் தந்தது. அவற்றில் ஒன்று, மூன்று வருடம் வரையிலான வாடகை ஒப்பந்தம், ஆனால் வாங்கும் உரிமை சேராத வாடகைக்கு மட்டும். அதாவது சாதாரண வாடகைக்கு விட்டால் வங்கி இந்த ஷரத்தைப் பிடிக்க முடியாது. ஆப்ஷன் சேர்த்தால் பிடிக்கலாம். தவணை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் வங்கி கவனிக்காது என்று இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 3 சதவீதக் கடனைத் திரும்ப வாங்கி 6, 7 சதவீதத்துக்குக் கொடுக்க முடிகிற காலத்தில், அந்தப் பேச்சை நம்பி ஒரு குடும்பத்தைக் குடிவைப்பது சரியல்ல.

செய்யக்கூடியவை மூன்று. வங்கியிடம் எழுதி ஒப்புதல் கேட்கலாம். ஒப்புதல் இல்லாமல் போவதென்றால், வங்கி முழுக்கடனைக் கேட்டால் மறுகடன் வாங்கவோ வேறு வழியில் அடைக்கவோ உங்களால் முடியுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல, கடமை: இந்த ஷரத்து இருப்பதைக் குடிவருபவருக்கு எழுத்தில் சொல்லி, அப்படி நடந்தால் அவருடைய ஆப்ஷன் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

பிறகு டைட்டில் கம்பெனி (சொத்து உரிமையைச் சரிபார்த்து விற்பனையை நடத்தும் நிறுவனம்) மூலம் வில்லங்கம் பாருங்கள். வரி பாக்கி, கூலி பாக்கிக்காக ஒப்பந்தக்காரர் வீட்டின் மீது போட்ட லியன் (உரிமைக் கோரிக்கை), இரண்டாம் மார்ட்கேஜ் எது இருந்தாலும் கடைசி நாளில் முளைக்கும். மொத்தக் கடன், ஒப்பந்த விலையைவிடக் கூடுதலாக இருந்தால் இந்த டீலே வேண்டாம்.

மாநிலச் சட்டம் டீலின் வடிவத்தையே மாற்றிவிடும். டெக்ஸாஸில் வாடகையோடு சேர்ந்த ஆப்ஷன், சொத்துச் சட்டத்தின் 5ஆம் அத்தியாயப்படி, தவணை முறை விற்பனை ஒப்பந்தமாகவே பார்க்கப்படுகிறது. 180 நாளுக்குள் பத்திரம் எழுதிக்கொடுத்து முடியும் ஒப்பந்தத்துக்கு விலக்கு உண்டு. அதைத் தாண்டினாலே பல கட்டுப்பாடுகள் வரும்; ஒப்பந்தம் மூன்று வருடத்தையும் தாண்டினால் முன்கூட்டி வெளிப்படுத்த வேண்டிய விவரங்கள், பதிவு, வருடாந்திரக் கணக்கு அறிக்கை என்று கடமைகள் குவியும். தவறினால் அபராதமும் கடுமை. டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ வீடு உள்ளவர்கள் இணையத்தில் கிடைக்கும் பொதுப் படிவத்தில் இரண்டு வருட லீஸ் ஆப்ஷன் எழுதவே கூடாது. வட கரோலைனாவில் இதற்கென்றே 47ஜி என்ற அத்தியாயம் இருக்கிறது: கையெழுத்திட்டபின் மூன்று வேலை நாளுக்குள் வாங்குபவர் ரத்து செய்யலாம், ஐந்து வேலை நாளுக்குள் உரிமையாளர் கவுண்டியில் பதிவு செய்ய வேண்டும். மேரிலாந்திலும் தனி விதிகள் உண்டு. அந்தந்த மாநில ரியல் எஸ்டேட் வக்கீலுக்குச் செலவிடும் பணத்தை இந்த டீலின் தவிர்க்க முடியாத செலவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஐந்து எண்கள்

விலை, ஆப்ஷன் கட்டணம், வாடகை, வாடகை வரவு, காலம். இவை ஒன்றையொன்று இழுக்கும்; தனித்தனியாகப் பேசக் கூடாது. கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம்.

வட கரோலைனாவில் ராலே பக்கத்தில் மூன்று படுக்கையறை வீடு. இன்றைய மதிப்பு 3,60,000 டாலர். 2,80,000 டாலர் கடன் 3 சதவீதத்தில் எடுத்தது. அசலும் வட்டியுமாக மாதம் சுமார் 1,180. வரி, இன்ஷூரன்ஸ், குடியிருப்போர் சங்கக் கட்டணம் சேர்த்து இன்னொரு 600. ஆக உரிமையாளர் கையிலிருந்து மாதம் 1,780 போகிறது. அந்தப் பகுதியில் சந்தை வாடகை 2,100 என்று வைப்போம்.

விலையை இன்றே நிர்ணயிக்கலாம், அல்லது வாங்கும் நாளில் வரும் அப்ரைசல் (வங்கிக்காக மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு) விலைக்கு என்று விடலாம். நான் முதல் வழியைத்தான் சொல்வேன். விலை தெரியாமல் யாரும் இரண்டு வருடம் சேமிக்க முடியாது. வருடத்துக்கு 2 சதவீதம் ஏற்றி இரண்டு வருடத்துக்கு 3,75,000 என்று வைக்கலாம். இதைவிட மிகவும் ஏற்றினால் அப்ரைசல் அந்த விலையை எட்டாது. ஒப்பந்த விலை, அப்ரைசல் இரண்டில் எது குறைவோ அதன்மேல்தான் வங்கி கடன் தரும். மீதியை வாங்குபவர் ரொக்கமாகக் கொண்டுவர வேண்டும், அவரிடம் அது இருக்காது, டீல் கடைசி வாரத்தில் உடையும். அப்ரைசல் குறைந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே எழுதுங்கள்: விலையைக் குறைப்பதா, வித்தியாசத்தைப் பாதிப் பாதியாகப் பங்கிடுவதா, ஆறு மாதம் நீட்டிப்பதா.

ஆப்ஷன் கட்டணம் விலையில் 2 முதல் 5 சதவீதம் வரை பேசப்படுகிறது. இங்கே இன்றைய மதிப்பில் 3 சதவீதம், 10,800 டாலர் என்று வைப்போம். வாங்கினால் இது விலையில் கழியும். இதைப் பாதுகாப்பு வைப்புத் தொகையோடு கலக்காதீர்கள். வைப்புத் தொகைக்கு மாநில வாடகைச் சட்டம் பொருந்தும், அது திருப்பித் தர வேண்டிய பணம். இரண்டுக்கும் தனி ரசீது. இந்தக் கட்டணத்தை "டவுன் பேமெண்ட்" என்று எந்தக் காகிதத்திலும் எழுதாதீர்கள். ஏன் என்று நான்காம் படியில் வருகிறது.

இனி வாடகை வரவு. மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி இதுதான். வாடகை 2,350 வைத்து, சந்தை வாடகைக்கு மேலான 250 டாலரை மாதாமாதம் விலையில் கழிப்பதாக எழுதுகிறோம். 24 மாதத்தில் 6,000. கட்டணம் 10,800ஐயும் சேர்த்தால் 16,800. எஃப்.எச்.ஏ.வின் 3.5 சதவீதம் 13,125தான், போதும் என்று தோன்றும். ஆனால் நாம் காகிதத்தில் எழுதுவதை வங்கி அப்படியே ஏற்காது. சந்தை வாடகைக்கு மேல் கட்டிய தொகையை மட்டும்தான் முன்பணமாக எடுத்துக்கொள்ளும். சந்தை வாடகை எவ்வளவு என்பதை அப்ரைசர் சொல்வார். ஃபேனி மே விதியில் இன்னும் இறுக்கம்: கடைசி 12 மாத வித்தியாசம்தான் கணக்கு, ஒப்பந்தத்தின் காலம் குறைந்தது 12 மாதம் இருக்க வேண்டும், அந்த 12 மாதமும் வாடகை கட்டியதற்குக் காசோலை போன்ற ஆதாரம் வேண்டும். ஆக 6,000 என்று நினைத்தது 3,000 ஆகிறது. இரண்டு வருடத்தில் அந்தப் பகுதிச் சந்தை வாடகை 2,250க்கு ஏறியிருந்தால் வித்தியாசம் 100 டாலர்தான். ஃபேனி மே கணக்கில் வெறும் 1,200. குடிவந்தவர் இரண்டு வருடம் கட்டிய கூடுதல் பணத்தில் பெரும்பகுதி முன்பணமாகச் செல்லாது.

அதனால் வாடகை வரவைச் சிறியதாக வையுங்கள், சந்தை வாடகைக்கான ஆதாரத்தை முதல் நாளிலேயே எடுத்து வையுங்கள், ஒவ்வொரு மாதமும் வங்கி வழியாகவே வாடகை வாங்குங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். முன்பணத்தின் மீதியை அவர் தனியாகச் சேமிக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

உரிமையாளரின் கணக்கிலும் ஒரு மாயை உண்டு. 2,350 வருகிறது, 1,780 போகிறது, மாதம் 570 லாபம் என்று தோன்றும். அதில் 250 வாங்குபவருக்குத் திரும்ப வேண்டிய பாக்கி. உண்மையில் 320தான், அதற்குள் பழுதுச் செலவும் வர வேண்டும்.

குடிவருபவரின் பக்கம் இதைவிடப் பெரிய எண் ஒன்று மறைந்திருக்கிறது. 3,75,000க்கு 3.5 சதவீத முன்பணத்தோடு 6.5 சதவீத வட்டியில் எஃப்.எச்.ஏ. கடன் வாங்கினால், காப்பீட்டுக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து மாதம் 3,000 டாலரைத் தாண்டும். இப்போது கட்டும் 2,350 அல்ல. வருமானத்தில் கடனுக்குப் போகும் பங்கு 43 சதவீதம் என்று வைத்தால், வேறு கார் கடன், படிப்புக் கடன் எதுவும் இல்லாவிட்டாலும் மாதம் 7,000 டாலருக்கு மேல் வருமானம் வேண்டும். உங்கள் 3 சதவீதக் கடன் அவருக்குப் போகப் போவதில்லை. இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் விலகினால், இருவருக்கும் நல்லதே நடந்திருக்கிறது.

காலத்தைத் தீர்மானிப்பது லோன் ஆபீசர் தந்த காகிதம். தடை நீங்க 18 மாதம் ஆகும் என்றால் 24 மாதம் கொடுங்கள், ஆறு மாத நீட்டிப்பும் வையுங்கள். சரியாக 18 மாதம் கொடுப்பது அவரைத் தோற்கச் சொல்வது.

காலத்துக்கு உரிமையாளர் பக்கமும் ஒரு எல்லை உண்டு. விற்பனை நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் சொந்தமாக வைத்துக் குடியிருந்தால், லாபத்தில் தனிநபருக்கு 2,50,000 டாலர், கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்தால் 5,00,000 டாலர் வரை வரி இல்லை. இரண்டு வருடமோ அதற்கு மேலோ குடியிருந்துவிட்டு வெளியேறியவருக்கு, வெளியேறிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் விற்பனை முடிந்தால்தான் இது கிடைக்கும். 24 மாதமும் 6 மாத நீட்டிப்பும் கடன் நடைமுறைக்கு இரண்டு மாதமும் சேர்ந்தால் 32 மாதம். உள்ளேதான் இருக்கிறது. மூன்று வருட லீஸ் ஆப்ஷன் எழுதியவர் இந்தச் சலுகையைத் தெரியாமலே இழந்திருப்பார்.

நான்காம் படி: இரண்டு பத்திரங்கள்

வாடகை ஒப்பந்தம் ஒன்று, ஆப்ஷன் ஒப்பந்தம் ஒன்று என்று தனித்தனியாக எழுதச் சொல்வது வழக்கம். காரணம் இருக்கிறது. பெரிய முன்பணம், வாடகை முழுவதும் விலையில் கழிவு, வரியும் இன்ஷூரன்ஸும் பழுதும் எல்லாம் குடியிருப்பவர் தலையில் என்று இருந்தால், நீதிமன்றம் இதை வாடகை என்று பார்க்காமல் விற்பனை என்றே பார்க்கலாம். அப்போது வாடகை வராவிட்டால் சாதாரண வெளியேற்ற வழக்கு போதாது; ஃபோர்குளோசர் போன்ற நீண்ட வழி தேவைப்படலாம். வரித் துறையும் அதே கண்ணோடு பார்க்கலாம். ஆனால் பத்திரத்தைப் பிரித்துவிட்டால் மாநிலச் சட்டத்திலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். டெக்ஸாஸ் போன்ற மாநிலங்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்கும்.

வாடகை ஒப்பந்தம் மற்ற எந்த வாடகை ஒப்பந்தமும் போலத்தான். ஆப்ஷன் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: சொத்தின் சட்டபூர்வ விவரம், விலை, கட்டணம், வரவு எப்படிச் சேரும், ஆப்ஷன் என்று தொடங்கி என்று முடியும், வாங்க முடிவு செய்தால் எத்தனை நாள் முன்னால் எப்படி அறிவிக்க வேண்டும், விற்பனைச் செலவில் யார் எதைக் கட்டுவது, அப்ரைசல் குறைந்தால் என்ன, வீடு தீப்பிடித்தாலோ புயலில் சேதமானாலோ என்ன, உரிமையாளர் இறந்தால் வாரிசுகளைக் கட்டுப்படுத்துமா, ஆப்ஷனை வேறொருவருக்கு மாற்றித் தரலாமா. கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும், பத்திரத்தில் ஒருவர் பெயர்தான் இருந்தாலும்.

ஒரு ஷரத்தில் மட்டும் என் கருத்து தொழிலின் வழக்கத்துக்கு எதிரானது. ஒரு மாத வாடகை ஐந்து நாள் தாமதமானாலே ஆப்ஷன் செத்தது, கட்டணம் போனது என்று பல படிவங்களில் இருக்கும். பத்தாயிரம் டாலர் கொடுத்த குடும்பத்துக்கு இது அநியாயம். தாமதமான மாதத்துக்கு வரவு கிடையாது என்று வையுங்கள். எழுத்து மூலம் அறிவித்து 30 நாள் அவகாசம் தந்தும் கட்டாவிட்டால் மட்டும் ஆப்ஷன் முடியட்டும். நியாயமான ஷரத்து நீதிமன்றத்திலும் நிற்கும்.

பழுது விஷயத்தில் சுருக்கமாக: கூரை, ஏசி, குழாய், மின்சாரம் உரிமையாளருடையது. வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைக்கும் பொறுப்பைப் பெரும்பாலான மாநிலங்களில் எழுதி வாங்கித் தள்ளிவிட முடியாது. சில்லறை வேலைகளைக் குடியிருப்பவர் பார்க்கலாம். 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈய வண்ணப்பூச்சு பற்றிய அறிவிப்பும் கையேடும் தருவது மத்திய அரசின் கட்டாயம். வீட்டுப் பரிசோதனையைக் குடிவருபவர் இப்போதே, கட்டணம் கொடுக்கும் முன்பே, செய்துகொள்ளட்டும்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தெரிந்தவர்களுக்குள், ஒரே சங்கத்தில் இருப்பவர்களுக்குள் செய்யும் டீலில்தான் காகிதம் மிக மோசமாக இருக்கிறது. "நமக்குள்ள எதுக்கு வக்கீல்?" என்று ஆரம்பிப்பார்கள். நிலம் சம்பந்தமான ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் பொதுவாகச் செல்லாது. நட்பைக் காப்பாற்ற நினைப்பவர்கள்தான் முதலில் எழுத வேண்டும், இருவருக்கும் தனித்தனி வக்கீல் வைத்து.

ஐந்தாம் படி: பதிவும் பணம் போகும் பாதையும்

ஆப்ஷன் இருப்பதைக் கூறும் சிறு குறிப்பாணையைக் கவுண்டி அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். விலை அதில் வெளிப்பட வேண்டியதில்லை. அதன்பின் உரிமையாளர் வீட்டை வேறொருவருக்கு விற்றாலோ புதிய கடன் வாங்கினாலோ குடியிருப்பவரின் உரிமை முன்னால் நிற்கும். ஏற்கெனவே இருக்கும் மார்ட்கேஜ் மட்டும் அதற்கும் முந்தியது. உரிமையாளர் தவணை கட்டாமல் வீடு ஃபோர்குளோசருக்குப் போனால், ஆப்ஷனும் அதோடு போய்விடும், வாடகையை ஒரு நாள் தவறாமல் கட்டியிருந்தாலும்.

இந்த ஆபத்தை ஒழிக்க எளிய வழி: வாடகையை மூன்றாம் தரப்பு எஸ்க்ரோ சர்வீசிங் நிறுவனத்துக்குக் கட்டச் செய்வது. அது முதலில் மார்ட்கேஜைக் கட்டி, மீதியை உரிமையாளருக்கு அனுப்பும். இருவருக்கும் மாத அறிக்கை வரும். கடன் வாங்கும் நாளில் வங்கி கேட்கும் 12 மாத ஆதாரமும் அதுவேதான். இது வேண்டாம் என்றால் மார்ட்கேஜ் கணக்கின் மாத ஸ்டேட்மெண்டைக் குடியிருப்பவருக்குக் காட்டும் ஷரத்தாவது வேண்டும். இன்ஷூரன்ஸையும் சொந்தக் குடியிருப்புப் பாலிசியிலிருந்து வாடகை வீட்டுப் பாலிசிக்கு மாற்றுங்கள். குடியிருப்பவர் தன் பொருள்களுக்குத் தனியாக எடுக்கட்டும்.

ஆறாம் படி: வரி, குறிப்பாக ஊருக்குத் திரும்புபவர்களுக்கு

மாத வாடகை, வரவு வைக்கும் பகுதி உட்பட, பொதுவாக வாடகை வருமானமாகவே கணக்காகும். வீட்டின் தேய்மானத்தை 27.5 வருடக் கணக்கில் கழிக்கலாம்; விற்கும்போது அந்தத் தேய்மானத்துக்கு 25 சதவீதம் வரை வரி வரும், 2,50,000 டாலர் சலுகை அதைக் காப்பாற்றாது. தனி ஆப்ஷன் ஒப்பந்தத்தில் வாங்கிய கட்டணம், வாங்கினால் விற்பனை விலையில் சேரும். ஆப்ஷன் வீணாய்ப் போனால் அந்த வருடத்தின் சாதாரண வருமானமாகும். ஒப்பந்தத்தின் சொற்கள் இதை மாற்றக்கூடும் என்பதால் கையெழுத்துக்கு முன் சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்) ஒருவர் படிக்கட்டும்.

இந்தியா திரும்பி, அமெரிக்க வரிச் சட்டப்படி வெளிநாட்டவர் ஆனவருக்கு இரண்டு கூடுதல் விஷயங்கள். ஒன்று, வாடகையில் செலவைக் கழிக்காமல் மொத்தத் தொகையில் 30 சதவீதம் பிடித்தம் என்பது பொது விதி. நிகர வருமானத்துக்கு வரி கட்டுவதாகத் தேர்வு செய்து, டபிள்யூ-8ஈசிஐ படிவம் கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம். இரண்டு, விற்பனையின்போது ஃபிர்ப்டா பிடித்தம், அதாவது வெளிநாட்டவர் அமெரிக்கச் சொத்தை விற்கும்போது வரிக்காக விலையிலிருந்து பிடித்துவைக்கும் தொகை. பொதுவாக விலையில் 15 சதவீதம். வாங்குபவர் தானே குடியிருக்க வாங்கினால் 3,00,000 டாலர் வரை பிடித்தம் இல்லை, அதற்கு மேல் 10,00,000 டாலர் வரை 10 சதவீதம். நம் உதாரண வீட்டில் 37,500 டாலர். பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. அவர் மறந்தால் வரித் துறை அவரைத்தான் கேட்கும். உண்மையான வரி இதைவிடக் குறைவு என்றால் 8288-பி படிவம் மூலம் முன்கூட்டியே குறைக்கக் கேட்கலாம். ஊருக்குக் கிளம்பும் முன் அந்த வீட்டுக்கு மட்டுமான பவர் ஆஃப் அட்டர்னியை நம்பகமான ஒருவருக்கு எழுதி வைத்துவிடுங்கள். அதன் வடிவத்தைக் கடைசியில் விற்பனையை நடத்தப்போகும் டைட்டில் கம்பெனியிடம் காட்டிச் சரிபாருங்கள்.

நடுவில் ஒருவர் நின்று செய்யும் சாண்ட்விச் வகையைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். உரிமையாளரிடம் லீஸ் ஆப்ஷன் எடுத்து, கூடுதல் விலைக்கு இன்னொருவருக்கு லீஸ் ஆப்ஷன் கொடுப்பது. மேலே உள்ளவர் தவணையை நிறுத்தினால் கீழே உள்ள குடும்பம் தெருவுக்கு வரும், பதில் சொல்ல வேண்டியவர் நடுவில் நிற்பவர். முதல் டீலாக இதைத் தொடாதீர்கள்.

ஏழாம் படி: நடுவிலும் முடிவிலும்

கையெழுத்து ஆனதும் மறந்துவிடுவதுதான் பெரும்பாலும் டீலைக் கெடுக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை குடியிருப்பவர் லோன் ஆபீசரைப் பார்க்கட்டும். ஸ்கோர் எங்கே இருக்கிறது, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மூவரும் பேசிக்கொள்ளலாம். புதுக் கார் கடன் எடுத்தால் எல்லாக் கணக்கும் மாறும் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

ஆப்ஷன் முடிய ஆறு மாதம் இருக்கும்போது முன் ஒப்புதலுக்கு விண்ணப்பம். 90 நாள் இருக்கும்போது எழுத்து மூலம் வாங்கும் அறிவிப்பு, பதிவுத் தபாலில். அதன்பின் வழக்கமான விற்பனை ஒப்பந்தம், அப்ரைசல், டைட்டில் புதுப்பித்தல். முடிவுக் கணக்குச் சீட்டில் ஆப்ஷன் கட்டணமும் வாடகை வரவும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று இருவரும் பாருங்கள்.

வாங்க முடியாமல் போனால், முதலில் நீட்டிப்பைப் பேசுங்கள், ஆனால் உங்கள் மூன்று வருட வரி எல்லையைப் பார்த்துக்கொண்டு. அதுவும் முடியாது என்றால் அவர் சாதாரண வாடகைக்குத் தொடரலாம், அல்லது வீட்டைப் பொதுச் சந்தையில் விற்று, ஒப்பந்த விலைக்கு மேல் கிடைத்ததில் ஒரு பங்கை அவருக்குத் தரலாம். பிந்தியதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது. கடைசியாக, கவுண்டியில் பதிவான குறிப்பாணை நீக்கப்பட வேண்டும். அது இருக்கும் வரை வீட்டை வேறு யாருக்கும் சுத்தமாக விற்க முடியாது. நீக்கும் பத்திரத்தில் முதல் நாளே குடிவருபவரின் கையெழுத்தை வாங்கி, ஆப்ஷன் முறைப்படி முடிந்தது என்ற ஆதாரம் வந்தால் மட்டும் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு, எஸ்க்ரோ நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுங்கள்.